மூடிய கடையின் வாடகை

ஒரு தொழில் அதை நடத்துபவரின் தவறால் அல்லாமல் அரசின் ஆணையால் சில மாதங்கள் மூடப்படும்போது, அந்த மாதங்களின் நட்டம் யாரைச் சேர வேண்டும் என்னும் கேள்வி பொருளியலுக்கும் சட்டத்துக்கும் உரியதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் சமய மரபுகள் பலவும் இதே கேள்வியை, விளைச்சல் அழிந்த நிலத்தின் குத்தகை, வேலை தடைப்பட்டவரின் கூலி, மரத்திலேயே கெட்டுப்போன கனியின் விலை ஆகிய வடிவங்களில் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கின்றன. பெரும்பாலும் பெண்களே பெண்களுக்காக நடத்தும் அழகு நிலையம், அதாவது பேச்சுவழக்கில் பியூட்டி பார்லர் எனப்படும் சிறுதொழில், இக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்புகிறது. ஏனெனில் அது விற்பது பொருளை அன்று, நேரத்தை. துணிக்கடையில் விற்காமல் தங்கிய சேலை அடுத்த மாதம் விற்றுவிடலாம். அழகு நிலையத்தில் ஏப்ரல் மாதம் காலியாகக் கிடந்த நாற்காலியின் ஒரு மணி நேரத்தை ஜூலையில் எவரும் வாங்க இயலாது. மூன்று மாதம் புருவம் திருத்தாதிருந்தவர் கடை திறந்ததும் மூன்று முறை திருத்திக்கொள்வதில்லை. ஒருமுறை திருத்திக்கொண்டு, ஒருமுறைக்கான கட்டணத்தைத் தந்துவிட்டுப் போகிறார்.

கொரோனாத் தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, தமிழ்நாட்டின் அழகு நிலையங்களும் முடிதிருத்தகங்களும் மூடப்பட்டன. கிராமப்புற முடிதிருத்தகங்களுக்கு மே மாதத்தில் அனுமதி கிடைத்தது. சென்னையில் ஜூன் தொடக்கத்தில், குளிரூட்டியை இயக்கக் கூடாது, வருவோரின் ஆதார் விவரத்தைப் பதிந்துகொள்ள வேண்டும் என்னும் நிபந்தனைகளோடு கடைகள் திறந்தன. ஆனால் அதே மாதம் 19ஆம் நாள் சென்னையிலும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களின் பகுதிகளிலும் முழு ஊரடங்கு மீண்டும் வந்தது. 2021இல் இரண்டாம் அலையின்போது ஏப்ரல் 26 முதல் மறுபடியும் மூடல். 27 மாவட்டங்களில் ஜூன் 14 அன்று, ஒரே நேரத்தில் பாதி அளவு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் இடமளிக்கும் விதியோடு திறப்பு. பங்குனி முகூர்த்தங்கள் முடிந்து சித்திரை, வைகாசி என மணப்பெண் அலங்காரத்துக்குக் கேட்பு மிகும் பருவத்தின் பெரும்பகுதியை இரண்டு ஆண்டுகளிலும் இம்மூடல்கள் விழுங்கிவிட்டன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இத்தொழில் முதலில் மூடப்பட்டுத் தாமதமாகத் திறக்கப்பட்டதன் காரணம் அதன் செய்முறையிலேயே இருக்கிறது. புருவம் திருத்தும்போது அழகுக்கலைஞர் நூலின் ஒரு முனையைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, நடுப்பகுதியை முறுக்கி, மற்ற முனையை இரு கைவிரல்களில் விரித்தும் சுருக்கியும் முடிகளைப் பறிக்கிறார். அமர்ந்திருப்பவர் தம் இரு கைகளாலும் இமையையும் நெற்றியையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். இருவர் முகத்துக்கும் இடையே ஒரு சாண் தொலைவுகூட இராது. மூச்சின் வழியே பரவும் நோய்க்காலத்தில் இத்தகைய வேலையை நிறுத்தி வைத்தது நியாயமே. ஆயினும் அந்த நியாயத்துக்கு ஒரு விளைவு உண்டு: மூடப்பட்ட கடை ஊராரின் உயிரைக் காக்கும் பொருட்டு மூடப்பட்டது, எனவே அதன் நட்டம் ஊராருக்காகச் செய்யப்பட்ட செலவின் இயல்பை உடையது. இந்த இயல்பை ஒப்புக்கொள்ளாமல், வணிகத்தில் ஏற்ற இறக்கம் சகஜம் என்று கூறிக் கடந்துவிடுவது சிந்தனைச் சோம்பலேயன்றி வேறன்று.

கடை மூடியிருந்தாலும் செலவு மூடியிருப்பதில்லை. வாடகை, நாற்காலிகளும் கண்ணாடிகளும் வாங்கிய கடனின் மாதத்தவணை, ஊழியர் சம்பளம், மின் இணைப்புக்கான நிலைக்கட்டணம் ஆகியவை தொடர்கின்றன. திறந்து வைத்த தலைச்சாயக் குழாய்களும் பிளீச் பொடிகளும் காலாவதியாகின்றன. இந்நிலையில் கடையைத் தாக்குப்பிடிக்க வைக்கும் வழிகளாக வழக்கமாகச் சொல்லப்படுபவை நான்கு: வாடகையைக் குறைக்கக் கேட்பது, சம்பளத்தைப் பிடித்தம் செய்வது, கடனை ஒத்திவைப்பது, வருங்காலச் சேவைகளை இன்றே தள்ளுபடி விலையில் விற்றுக் கைக்குப் பணம் திரட்டுவது. இவை வெறும் நிருவாக உத்திகளாகத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் நட்டத்தின் ஒரு பகுதியை ஒரு குறிப்பிட்ட மனிதர்மேல் நகர்த்தி வைக்கும் செயலாகும். யார்மேல், எந்த உரிமையில் நகர்த்துவது என்பதே அறக்கேள்வி.

இக்கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அடைத்துவிடும் விடை ஒன்று தமிழ்ச் சூழலில் எளிதாகக் கிடைக்கிறது. அது விதி என்னும் விடை. திருக்குறள் ஊழுக்கு ஒரு தனி அதிகாரமே வகுத்திருக்கிறது. ஆனால் அந்நூலே ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் முயற்சிக்கு ஊழையும் எதிர்த்து நிற்கும் வலிமையை அளிக்கிறது என்பதை விதியை எடுத்துரைப்போர் மறந்துவிடுகின்றனர். சைவ சித்தாந்தம் இன்னும் நுட்பமான கருவி ஒன்றைத் தருகிறது. அது வினையை மூன்றாகப் பகுக்கிறது: பல பிறவிகளில் ஈட்டித் தொகுத்து வைக்கப்பட்டிருப்பது சஞ்சிதம், அத்தொகுப்பிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்து சேர்ந்திருப்பது பிராரத்தம், அந்த நுகர்வின்போது உயிர் புதிதாகச் செய்து ஈட்டிக்கொள்வது ஆகாமியம். கடை மூடியதும் வருவாய் நின்றதும் அதை நடத்தும் பெண்ணின் பிராரத்தம் என்றே ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். அவ்வாறு கொண்டாலும், மூடிய மாதத்துக்கு முழு வாடகை கேட்பதா வேண்டாமா என்று கட்டட உரிமையாளர் எடுக்கும் முடிவு அப்பெண்ணின் பிராரத்தத்தில் அடங்கிவிடாது. அது அவருடைய ஆகாமியம். விதி என்னும் கருத்து துன்பப்படுபவர் தம் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள உதவலாம். அத்துன்பத்தால் பயனடையும் நிலையில் இருப்பவர் அதையே தம் பொறுப்பிலிருந்து விலகும் வழியாகக் கொள்வது, வினைக்கொள்கையை அதன் தலைகீழாகப் படிப்பதாகும்.

விதியை இவ்வாறு அதன் இடத்தில் வைத்த பின், ஒருவருக்கு நேர்ந்த இழப்பையும் ஊருக்கே நேர்ந்த இழப்பையும் பிரித்துப் பார்க்கும் தேவை எழுகிறது. இப்பிரிவினையை மிகத் தெளிவாகச் செய்த மரபுகளுள் யூதச் சமயச் சட்டம் ஒன்று. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் வாய்மொழிச் சட்டத் தொகுப்பு, குத்தகைக்கு எடுத்த நிலத்தின் பயிரை வெட்டுக்கிளி தின்றுவிட்டாலோ வெங்காற்று கருக்கிவிட்டாலோ என்ன செய்வது என்று வினவி, அது அந்த வட்டாரத்துக்கே வந்த பேரிடராயின் குத்தகைதாரர் தாம் தர வேண்டியதிலிருந்து கழித்துக்கொள்ளலாம், அவருடைய நிலத்துக்கு மட்டும் வந்த கேடாயின் கழிக்கக் கூடாது என்று விதிக்கிறது. அங்கேயே, பணமாகப் பேசிய குத்தகைக்கு எந்நிலையிலும் கழிவு இல்லை என்ற மாற்றுக் கருத்தும் பதிவாகியுள்ளது. இதன் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. தனிக்கேட்டில் குத்தகைதாரரின் கவனக்குறைவோ அவருக்கே உரிய துரதிருஷ்டமோ காரணமாக இருக்கலாம். ஆனால் சுற்றியுள்ள வயல்களெல்லாம் கருகியிருக்கும்போது, நிலத்தை அவருக்குப் பதிலாக வேறு எவரிடம் கொடுத்திருந்தாலும் நில உரிமையாளருக்கு விளைச்சல் கிடைத்திருக்காது. அத்தகைய ஆண்டில் அவர் முழுக் குத்தகை பெற்றால், நிலம் தராத ஒன்றை அவர் ஒரு மனிதரிடமிருந்து பெறுகிறார். 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மோசே இசர்லெஸ் இந்த நெறியை வேலை ஒப்பந்தத்துக்கும் விரித்தார். ஆட்சியாளர் ஆசிரியர்கள் கற்பிக்கக் கூடாது என்று ஆணையிட்டால், அது வட்டாரப் பேரிடராகவே கொள்ளப்படும், இழப்பு வேலைக்கு அமர்த்தியவரையே சேரும் என்பது அவர் முடிவு. பிற்கால அறிஞர்கள் சிலர் இதை ஏற்கத் தயங்கி, இருவரும் பாதிப் பாதியாகத் தாங்கலாம் என்றனர். அரசாணையால் மூடப்பட்ட அழகு நிலையத்துக்கு இதைக் காட்டிலும் நெருங்கிய முன்மாதிரியைப் பழைய நூல்களில் காண்பது அரிது.

இஸ்லாமியச் சட்டவியலில் இதற்கு இணையானது ஜாயிஹா எனப்படும் பேரிடர்க் கோட்பாடு. மரத்திலிருக்கும் கனியை விற்ற பின் அது பேரிடரால் அழிந்தால், விற்றவர் அதற்கு விலை பெறுவது முறையன்று என்ற நபிமொழி சஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. மாலிக்கி சிந்தனைப்பள்ளி, இழப்பு மூன்றில் ஒரு பங்கை எட்டினால் விலையில் கழிவு தருவதைக் கட்டாயமாக்கியது. 1263 முதல் 1328 வரை வாழ்ந்த அறிஞர் இப்னு தைமிய்யா இந்நெறி குத்தகைக்கும் பொருந்தும் என வாதிட்டார். ஹனஃபி பள்ளியும் ஷாஃபியீ பள்ளியின் பிற்கால முடிவும் இதைக் கட்டாயமாக அன்றி, விரும்பத்தக்க பெருந்தன்மையாக மட்டுமே கொண்டன. தமிழகக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் ஷாஃபியீ வழியினர், உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி வழியினர் என்பதால், இங்குள்ள முஸ்லிம் கட்டட உரிமையாளருக்கு இது பெரும்பாலும் சட்டக் கடமையாக அன்றி மனச்சான்றின் அழைப்பாகவே வந்து சேர்கிறது. எனினும், நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தர வேண்டும், விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது என்னும் குர்ஆனின் அறிவுறுத்தலை எப்பள்ளியும் மறுத்ததில்லை.

இவற்றோடு ஒப்பிடும்போது இன்றைய இந்தியச் சட்டத்தின் இறுக்கம் வியப்பளிக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, தீ, புயல், வெள்ளம் போன்ற தடுக்கவியலாத ஆற்றலால் கட்டடம் அழிந்தாலோ நிலையாகப் பயன்படாது போனாலோ மட்டுமே குத்தகையை முறித்துக்கொள்ளும் உரிமையை வாடகைதாரருக்கு அளிக்கிறது. ஒப்பந்தம் நிறைவேற்ற இயலாததாகிவிட்டால் அது செல்லாது என்று கூறும் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, நடைமுறையில் உள்ள குத்தகைகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968இல் கூறிவிட்டது. 2020 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றமும், கான் மார்க்கெட்டின் கடை ஒன்று தொடர்பான வழக்கில், ஊரடங்கைக் காரணம் காட்டி வாடகையை நிறுத்திவைக்கக் கோரிய மனுவை ஏற்கவில்லை. சுவர் நிற்கிறது, ஆகவே வாடகையும் நிற்கிறது என்பதே சட்டத்தின் பார்வை. தமிழ் உழவுச் சமூகம் இதைவிட விரிந்த அனுபவம் உடையது. விளைந்ததில் பங்கு என்னும் வார முறையில் நில உரிமையாளரும் உழுபவரும் விளைச்சலைப் போலவே விளையாமையையும் பகிர்ந்துகொண்டனர். நிலையான அளவு பேசும் குத்தகை முறையிலேயே இழப்பு முழுவதும் உழுபவர் தலையில் விழுந்தது. அரசும்கூட ரயத்துவாரி முறையின்கீழ், நீர் வராமல் நஞ்சை பொய்த்தபோது தீர்வையைத் தள்ளுபடி செய்யும் வஜா என்னும் ஏற்பாட்டை வைத்திருந்தது. கடைத்தெருவின் வாடகைக்கு வாரமும் இல்லை, வஜாவும் இல்லை.

கட்டட உரிமையாளர் எல்லாரும் வசதி படைத்தவர் அல்லர். கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் கீழ்த்தளத்துக் கடையின் வாடகையில்தான் மருந்து வாங்குகிறார் என்பதும் உண்மையாக இருக்கக்கூடும். ஆகவே நட்டத்தைப் பங்கிடுவது என்பது எல்லாவற்றையும் ஒருவர்மேல் ஏற்றுவதாகிவிடக் கூடாது. பாதி வாடகை என்பதே பெரும்பாலான நேர்வுகளில் நடுவுநிலைக்கு நெருங்கிய விடை. ஆனால் ஒன்றை மட்டும் சலுகையாகக் கருத இடமில்லை. சென்னையில் கடைக்குக் குடியேறும்போது பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்து வைப்பது வழக்கம். மூடிய மாதங்களின் வாடகையை அந்த அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று உரிமையாளர் இசைவது பல இடங்களில் பெரிய உதவியாகப் பேசப்பட்டது. அட்வான்ஸ் வாடகைதாரரின் சொந்தப் பணம், காலி செய்யும் நாளில் அவருக்கே திரும்ப வேண்டியது. அதில் கழிப்பது முழு வாடகையையும் முழுமையாகப் பெறுவதே. நெருக்கடி சில காலம் தள்ளிப்போகிறதேயன்றி நட்டத்தில் ஒரு ரூபாய்கூட இடம் மாறவில்லை. வங்கிக்கடனின் நிலையும் இதுவே. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதத் தவணைகளை ஒத்திவைக்க இசைந்தது. ஆனால் அம்மாதங்களுக்கும் வட்டி ஏறியது, அவ்வட்டிமேல் வட்டி மட்டும் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒத்திவைப்பையும் விட்டுக்கொடுப்பையும் ஒன்றாக எண்ணுவோர், கடன்பட்டவரின் நெஞ்சில் கிடக்கும் சுமையை அறியாதவர்கள்.

ஊழியர் பக்கம் திரும்பும்போது, அதுவரை நியாயம் கேட்டு நின்ற கடை உரிமையாளரே நியாயம் வழங்க வேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறார். அழகு நிலைய ஊழியரின் வருவாய் மூன்று அடுக்குகளால் ஆனது: அடிப்படைச் சம்பளம், குறிப்பிட்ட தொகைக்கு மேல் வேலை செய்தால் கிடைக்கும் இன்சென்டிவ், வாடிக்கையாளர் கையில் தரும் டிப்ஸ். மூடலில் பின்னிரண்டும் தாமாகவே மறைந்துவிடுகின்றன. ஆகவே அடிப்படைச் சம்பளத்தை முழுமையாகக் கொடுத்தாலும் ஊழியர் ஏற்கெனவே நட்டத்தில் தம் பங்கைச் சுமந்துவிட்டார் என்பதை நினைவில் கொள்ளாமல் பாதிச் சம்பளம் பேசுவது அநீதி. 2020 மார்ச் 29 அன்று ஒன்றிய அரசு சம்பளப் பிடித்தம் கூடாதென்று ஆணையிட்டது. மே மாதம் அதை விலக்கிக்கொண்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், வேலையளிப்போரும் தொழிலாளரும் பேசித் தீர்த்துக்கொள்ள வழிவிட்டது. ஆனால் பேசுவதற்கு இரு பக்கத்திலும் நிற்க இடம் வேண்டும். சென்னையின் பல நிலையங்களில் பணிபுரிந்த வடகிழக்கு மாநிலப் பெண்களுக்கு அந்த இடம் இருக்கவில்லை. கடை தந்த அறையில் தங்கி, கடை தந்த சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பி வந்தவர்கள் அவர்கள். அந்த மே மாதம் மணிப்பூரின் ஜிரிபாமுக்குச் சென்னையிலிருந்து சிறப்பு ரயில் புறப்பட்டபோது, திரும்பி வருவோமா என்பதை உறுதியாகச் சொல்லும் நிலையில் பலர் இல்லை.

பழைய கிராம ஏற்பாட்டில், முடிதிருத்துவோருக்கு ஒவ்வொரு வேலைக்கும் கூலி தராமல் அறுவடையின்போது களத்திலேயே நெல் அளக்கும் வழக்கம் இருந்ததையும், அதனால் வேலை குறைந்த காலத்திலும் அவர்களுக்குச் சோறு இருந்தது என்பதையும் சிலர் ஏக்கத்தோடு எடுத்துக்காட்டுவர். அந்நெல்லின் விலை சாதி இழிவு என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. பாதுகாப்பு வேண்டும், பணிவு வேண்டாம் என்பதற்காகவே அத்தொழிலாளர் நகரங்களுக்கு வந்து கடை வைத்தனர். அவர்களுக்கும் பார்லர் பெண்களுக்கும் இன்று தேவைப்படுவது, நல வாரியம் போன்ற பொது ஏற்பாட்டின் வழியே உரிமையாக வந்து சேரும் உதவியேயன்றி எவருடைய தயவும் அன்று.

எஞ்சியிருப்பவர் வாடிக்கையாளர். மூடிய காலத்தில் கைக்குப் பணம் வரும் ஒரே வழி, பின்னர் செய்யப்போகும் ஃபேஷியலையும் தலைமுடிப் பராமரிப்பையும் ஒரு தொகுப்பாக்கி முன்பணத்துக்கு விற்பதே. விசுவாசமான வாடிக்கையாளர் பலர் தேவை கருதி அன்றிக் கடை பிழைக்கட்டும் என்றே அதை வாங்கினர். இதில் ஒளிந்திருக்கும் அறச்சிக்கல், வாங்கிய பணத்தை வருமானம் என்று எண்ணத் தொடங்குவதில் உள்ளது. அது கடன்; தமிழ் முஸ்லிம்கள் அமானத்து என்று வழங்கும், ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளுக்கு மிக அருகில் நிற்பது. பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வணிகம் என்னும் வள்ளுவரின் கருத்து இங்கே முழுதும் பொருந்துகிறது. கடை மீண்டும் திறக்குமா என்பதில் உரிமையாளருக்கே ஐயம் இருக்கும்போது அந்த ஐயத்தை மறைத்துத் தொகுப்பு விற்பது ஏமாற்றாகும். சொல்லிவிட்டு விற்றால், வாங்குபவர் தெரிந்தே தோள் கொடுக்கிறார். இதன் மறுபக்கத்தில், வீட்டுக்கு யாருக்கும் தெரியாமல் வந்து செய்துவிட்டுப் போகும்படி அழைத்த வாடிக்கையாளரின் செயல் உதவியாகாது. தம் புருவத்துக்காக ஒரு பெண்ணை நோய்க்கும் அபராதத்துக்கும் முன் நிறுத்துவது அது. அவ்வாறு போன பெண்ணைக் குறை சொல்வதைவிட அழைத்தவரைக் குறை சொல்வதே நியாயம்.

மணப்பெண் அலங்காரத்துக்கு வாங்கிய முன்பணம் தனித்துப் பார்க்கப்பட வேண்டியது. திருமணம் தள்ளிப்போயிருந்தால் அந்தப் பணம் புதிய தேதிக்கு நகரலாம். பெரும் அலங்காரமின்றி வீட்டிலேயே சிலர் முன்னிலையில் தாலி கட்டி முடிந்திருந்தால், நகர்வதற்குத் தேதி இல்லை, பணம் திரும்ப வேண்டும். அப்பணம் ஏற்கெனவே வாடகைக்குச் சென்றுவிட்டிருந்தால் தவணையாகத் தருவதாக எழுதிக் கொடுக்கலாம். திருப்பித் தர இயலாது என்று பதிவுப் படிவத்தில் அச்சிட்டிருந்த விதியைக் காட்டக் கூடாது, ஏனெனில் அவ்விதி மணமகள் மனம் மாறினால் என்பதற்காக எழுதப்பட்டது, ஊரே அடங்கியதற்காக அன்று. கடை திறந்தபோது செலவு வேறு கூடியிருந்தது: ஒருமுறை பயன்படுத்தி எறியும் மேலங்கியும் துண்டும், கையுறை, கிருமிநாசினி. நூலைப் பல்லில் கடிப்பதற்குப் பதில் கழுத்தில் கட்டிக்கொண்டு புருவம் திருத்தக் கற்றதில் வேலையும் மெதுவாயிற்று. முன்பணம் கொடுத்து வைத்திருந்தவரிடம் இக்கூடுதல் செலவைக் கேட்கலாமா என்றால், பேசிய சேவைக்குப் பேசிய விலையே நிற்க வேண்டும். எறியப்படும் பொருள்களின் அடக்கவிலையை மட்டும், லாபம் சேர்க்காமல், தனி வரியாக எழுதிக் காட்டிக் கேட்கலாம், தர இயலாதவரிடம் கேட்காமலும் விடலாம்.